சொல்தா வீட்டு வண்டியும் அந்தம்மாவும்

பழைய கார் வாங்க வருகிறவனைப் பார்த்து ப்ரோக்கர் பயப்பட வேண்டியதில்லை. அவனோடு கூட வருகிற ஆளைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். மாமனார், சகலை, தெரிந்த மெக்கானிக், எதிர்வீட்டு டிரைவர் என்று எத்தனையோ பேரைச் சமாளித்தவன் நான். ஒரு டீ, நாலு 'சார்', கொஞ்சம் ஊர்க்கதை, அவ்வளவுதான், ஆள் நம் பக்கம். அந்தம்மாவிடம் மட்டும் என் பாச்சா ஒருநாளும் பலித்ததில்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் அந்த வருஷங்களில் பழைய பெரிய கார் வாங்கியவராக இருந்தால் யாரென்று இந்நேரம் புரிந்திருக்கும். கருவடிக்குப்பத்திலிருந்து மொபெட்டில் வரும். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேலே ஒரு ஆண்பிள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு டார்ச், மடித்துவைத்த வெள்ளைப் பனியன் துணி. 'வரும், போகும்' என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்தில் அந்தம்மா என்று சொல்லிவிட்டால் அப்படித்தான் வாயில் வருகிறது.

மெக்கானிக் படிப்பெல்லாம் கிடையாது. பெரிய கார்களை மட்டும் பார்க்கிற ஒரு சர்வீஸ் சென்டரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் காரின் உள்பக்கத்தைத் துடைத்த ஆள். சீட்டுக்கு அடியில், தரைவிரிப்புக்கு அடியில், டிக்கிக்குள் என்று பணக்காரர்களின் வண்டி எதை எங்கே மறைத்துவைத்திருக்கும் என்பது அத்துப்படி. "மெக்கானிக்கு பானெட்ட தொறந்து பாப்பான். நான் குனிஞ்சி பாத்தவ தம்பி" என்று சொல்லும். வாங்கப் போகிறவர்கள் ரகசியமாகப் போன் போட்டுக் கூப்பிடுவார்கள். ப்ரோக்கர்கள் நாங்கள் அந்த மொபெட்டைக் கண்டாலே டீக்கடைப் பக்கம் நழுவிவிடுவோம்.

அந்தம்மாவுக்கு ஒரே ஒரு குணம்தான். மனுஷன் வாயால் சொல்கிற எதையும் நம்பாது. ஒன்றுகூட. "ஒரே ஓனர்" என்றால் கேட்டுக்கொள்ளும். "டாக்டர் ஓட்டின வண்டி" என்றாலும் கேட்டுக்கொள்ளும். தலையை ஆட்டிவிட்டு, "செரி, நீ சொல்லிட்ட. இப்ப வண்டி என்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே குனியும். அந்த 'செரி'யைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் தடவை என் வயிற்றில் அடித்தது நூறடி ரோட்டில் நான் வைத்திருந்த யார்டில். வெள்ளை நிறம், பெரிய வண்டி, பார்த்தால் ஷோரூமிலிருந்து நேற்று வந்ததுபோல் இருந்தது. வாங்க வந்த தம்பதிக்கு வண்டி பிடித்துவிட்டது, அந்தப் பெண் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு செல்பிகூட எடுத்துவிட்டாள். அந்தம்மா டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தது. டார்ச் அடித்து சீட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைப் பார்த்தது. கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளப்பி வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தது. துணி செம்மண் நிறத்தில் வந்தது.

"தூசிதான்க்கா" என்றேன்.

"தூசி மேல இருக்கும் தம்பி. இது அடியில இருக்குது. போல்ட்டு துரு புடிச்சி கெடக்குது. சீட்டு வரைக்கும் தண்ணி நின்ன வண்டி இது."

தம்பதி போய்விட்டார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று எனக்குத் தெரியாது என்று இப்போது சத்தியம் பண்ண மாட்டேன். விற்றவனிடம் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான் நடக்கும்.

இன்னொரு தடவை, சாவியைப் போட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வண்டியைப் பற்றித் தெரியாதவர்கள் மீட்டரில் ஏதாவது விளக்கு எரிந்தால் பயப்படுவார்கள். அந்தம்மா எரியாத விளக்கைத் தேடும். சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து, பிறகுதான் அணைய வேண்டுமாம். அந்த வண்டியில் ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை.

"அதான் எரியலியே, அப்ப கோளாறு இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார் வாங்க வந்தவர்.

"கோளாறு இல்லாம இல்ல சார். கோளாறு சொல்ற வாயக் கட்டிப் போட்டுட்டாங்க. எங்கியோ மோதி பை வெடிச்சிருக்கும். புதுசு போடாம விளக்க அணைச்சி வுட்டுருக்காங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய கூத்து ஒரு சிவப்பு வண்டியில் நடந்தது. எங்கள் ஊரில் கார் வரி குறைச்சல். அதனால் எங்கெங்கோ ஓடுகிற விலையுயர்ந்த வண்டிகள் எங்கள் ஊர் விலாசத்தில் பதிவாகும். இது ஊரறிந்த விஷயம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தம்மா வண்டியைப் பார்க்கும் முன்னாலேயே ஆர்சியை வாங்கி விலாசத்தைப் படித்தது. மொபெட்டைத் திருப்பியது. எங்கே என்றால் குருசுக்குப்பம். நானும் பின்னாலேயே ஓடினேன். சந்துக்குள் அந்த நம்பர் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், தெருவே கூடிவிட்டது.

"எங்க வூட்டு அட்ரஸ்லயா? எங்க வூட்டுக்காரரு வலைய வெக்க எடமில்லாம பக்கத்து வூட்டோட தெனம் சண்ட. கார எங்கம்மா வெக்கிறது, என் தலமேலயா?"

நான்கூடச் சிரித்துவிட்டேன். அந்தம்மா சிரிக்கவில்லை. வாங்க இருந்தவருக்கு அங்கிருந்தே போன் போட்டது. "வூடே பொய்யி சார். மீட்டருல ஓடுன கிலோமீட்டரு மட்டும் நெசமா இருக்குமா?"

அப்படியே நல்ல வண்டியாக இருந்தாலும் நல்ல வண்டி என்று அதன் வாயிலிருந்து வராது. "வாங்கலாமாக்கா, சொல்லுங்கக்கா" என்று கெஞ்சுவார்கள். "பாத்தத சொல்லிட்டேன். பாக்காதத எப்பிடி சொல்றது?" அவ்வளவுதான், ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளும். ஒருநாள் தனியாகப் பிடித்து, "யக்கா, கமிஷன்ல உனக்கும் ஒரு பங்கு வுடறேன், கொஞ்சம் கண்ண மூடிக்கோயேன்" என்று கேட்டேன். என்னைத் தாண்டிப் போய் மொபெட்டை உதைத்துக் கிளப்பியது.

அன்றைக்கு ஏறிய கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. அந்தம்மா கைபட்ட வண்டி விளங்காது, ராசி கெட்ட கை, புருஷனையும் முழுங்கிவிட்டு வந்தது என்று நாலு டீக்கடையில் பேசினேன். கார் வாங்குவது எங்கள் ஜனங்களுக்கு நல்ல காரியம் இல்லையா? நல்ல காரியத்துக்கு முன்னால் யார் முகத்தில் விழிக்கிறோம் என்று பார்க்கிறவர்கள். பேச்சு வேலை செய்தது. கொஞ்ச நாள் அந்த மொபெட் அதிகம் கண்ணில் படவில்லை. பாவி, எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் தவளக்குப்பத்தில் இருக்கிற என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கா வீட்டுக்காரர் விவசாயி. ரோட்டோரம் இருந்த நிலத்தில் கொஞ்சம் நல்ல விலைக்குப் போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணை ஒரு ஜெர்மன் காரில் அனுப்ப வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. இருபது வருஷமாக என்னை 'டேய் ப்ரோக்கரு' என்றே கூப்பிட்ட மனிதர், முதல் தடவையாக, "மச்சான், நீ பாத்து ஒரு வண்டி சொல்லு" என்றார். அந்த 'மச்சான்' எனக்குத் தேனாக இனித்தது.

நான் பார்த்துவைத்தது சொல்தா வீட்டு வண்டி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். வருஷத்தில் பத்து மாதம் பிரான்சில் இருப்பார்கள், இரண்டு மாதம் இங்கே. சொல்தா வீட்டு வண்டி என்று சொன்னால் போதும், புதுச்சேரியில் யாரும் பானெட்டைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள். ஓட்டமே இருக்காது, பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஊரே நம்பும். நானும் நம்பினேன். ஊரை ஏமாற்றுகிறவன் ஊர் நம்புகிறதையே நம்பினான் என்றால் சிரிப்பீர்கள்.

வண்டி கடற்கரைக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் நின்றது. கறுப்பு. சாவி வைத்திருந்த பெரியவர் வாராவாரம் துணியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிபோல் வைத்திருந்தார். "முசே பிரான்சுக்குப் போவும்போதே சொன்னாரு, ஒரு கீறல் வுழக் கூடாதுன்னு. வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் வுட்டுருவேன். வெளில எடுக்க மாட்டேன்." நல்ல மனிதர். பொய்யே இல்லை. பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை வண்டி எடுப்பதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் தவளக்குப்பத்தில் வாசலில் நிற்க வேண்டும். ஆரத்தித் தட்டோடு சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். பெண்ணின் மாமியார் வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள்.

காலை எட்டரைக்கு மாமாவும் அக்காவும் மாலை, எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினார்கள். பின்னாலேயே மொபெட் சத்தம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"யாருடி இத கூப்ட்டது?" என்று மாமா அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நான்தான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம், "நீ சொன்னா செரியாத்தான்டா இருக்கும். ஆனா உக்காரப் போறது எம் பொண்ணு. ஒரு வாட்டி பாத்துடட்டுமே."

என் கூடப்பிறந்தவளே என் வார்த்தையை நம்பவில்லை! அந்தம்மா எனக்கு ஒரு தலையாட்டல் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தது. நிதானமாக, சுற்றிச் சுற்றி. டயரின் பக்கவாட்டில், அது எந்த வருஷம் செய்தது என்று சொல்கிற நாலு எண்ணைப் படித்தது. "டயரு மேல தேயல, ஆனா வயசு பத்து வருசம். ரப்பரு கல்லாப் போயிருக்கு." உப்புக்காற்றில் அடியில் துரு. எலி கடித்த வயர். ஒவ்வொன்றாகச் சொன்னது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபது. ஒன்பதே முக்கால்.

"யக்கா, இதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம். ஓடாத வண்டிக்கா இது!"

"அதான் தம்பி நோவே. ஓடாம நின்னதுதான் நோவு." டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஏதோ எண்ணியது. இறங்கி வந்து எங்கள் மூன்று பேரிடமும் சொன்னது: "பிரேக்கு டக்குன்னு மிதிச்சா நிக்கிது. அழுத்திப் புடிச்சா கொஞ்சம் கொஞ்சமா எறங்கிப் போவுது. உள்ள இருக்கிற ரப்பரு போயிடுச்சி. சரி பண்ணலாம். ஆனா இன்னிக்கி இத எடுக்காதீங்க."

"வண்டி தொடைக்கிறவ எல்லாம் எனக்கு பிரேக்கு சொல்லித் தர்றியா?" என்று கத்தினேன். "மாமா, இது கை வெச்சாலே இப்படித்தான். ராசி கெட்டது. மணி ஆவுது, ஏறுங்க!"

மாமா என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழத்தை வைக்க ஆரம்பித்தார்.

அப்போது அந்தம்மா பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது.

"எறங்குக்கா."

"மாட்டேன்."

"எறங்குன்றேன்ல!"

"நான் மிதிச்சத நீ நம்பல. நீ மிதி தம்பி. பாக்கறேன்."

இழுத்து வெளியே தள்ளியிருப்பேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் சீட்டில் ஏறி இன்ஜினைப் போட்டேன். பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். முதலில் கல்லாக நின்றது. பிறகு என் காலுக்கு அடியில், மெல்ல, ஈரமண்ணில் கால் புதைவதுபோல், இறங்கியது. இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது.

அது என் காலுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே நிற்கிற யாருக்கும் தெரியாது. மாமா ஜன்னலில் குனிந்து, "என்ன மச்சான்?" என்றார். அந்த 'மச்சான்' இல்லாமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

கண்ணாடியில் அந்தம்மாவின் முகம் தெரிந்தது. அது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. கத்தப் போகிறது, பொய் என்று சொல்லப் போகிறது என்று காத்திருந்தேன். ஆனால் அது சொன்னது இதுதான்: "செரி. நீ சொல்லிட்டா செரி. வா போலாம்." பக்கத்திலிருந்த பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டது.

ஒருத்தர் வார்த்தையை அது அப்படி ஏற்றுக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா, நல்ல வேள" என்று சுற்றி வந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மாமா எனக்குப் பக்கத்தில். அந்தம்மா அக்காவைத் தடுக்கவே இல்லை.

பழம் நசுங்கியது. ஷெட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினேன். தெருமுனையில் மெயின் ரோடு. அங்கே வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நிறுத்தினேன். கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி, பிரேக்கை விட்டால் தானாக நகரும் ரகம். காத்திருந்தேன். மிதித்த பிரேக் இறங்க ஆரம்பித்தது. வண்டி ஒரு விரற்கடை முன்னால் போனது. எதிரே ஒரு பஸ் உரசிக்கொண்டு போயிற்று. காலை எடுத்து மறுபடி மிதித்தேன். நின்றது. யாரும் கவனிக்கவில்லை. இப்படியே விட்டு விட்டு மிதித்தால் தவளக்குப்பம் வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. ஓட்டியும் விடலாம். கடலூர் ரோட்டில் எதிரே குறுக்கே யாரும் வராமல் இருந்தால். இன்றைக்கு இல்லாவிட்டாலும், நாளைக்கு அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும்போது வராமல் இருந்தால்.

ரோடு காலியாயிற்று.

"போ மச்சான்" என்றார் மாமா. "ஏசி சூப்பரா இருக்குது."

கண்ணாடியைப் பார்த்தேன். அந்தம்மா ரோட்டைப் பார்க்கவில்லை, என் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா மடியில் மாலையை வைத்துக்கொண்டு, மகளுக்குப் போன் போட்டு, "கெளம்பிட்டோம்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கியரைப் பார்க்கிங்குக்குத் தள்ளினேன். கைபிரேக்கை இழுத்தேன். இன்ஜினை அணைத்தேன்.

"எறங்குக்கா" என்று என் அக்காவிடம் சொன்னேன். "பிரேக்கு எறங்குது. அந்தம்மா சொன்னது நெசம்."

மாமா, "இப்பத்தானடா நல்லாருக்குதுன்ன?" என்றார். 'மச்சான்' போய்விட்டது.

"தெரியும் மாமா. மிதிச்சப்பவே தெரியும்."

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. தணிந்த குரல். "தெரிஞ்சேதானாடா என்ன ஏத்துன?"

அவள் இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை. மாலையோடு தெருவோரம் போய் நின்றாள். மாமா அவள் பின்னால் போனார். அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேச ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, தபாலில்.

நான் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தேன். இந்தம்மா ஏன் என்னை இப்படிப் பண்ணியது, ஒரு வார்த்தை கத்தியிருந்தால் என்ன, ஒன்றும் தெரியாத என் அக்காவைப் பக்கத்தில் உட்கார விட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்ததே என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது, மறைப்பானேன். நான் நிறுத்துவேன் என்று அதற்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருக்கும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

அந்தம்மா பெல்ட்டின் கொக்கியைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தது. முடியவில்லை. எத்தனை வண்டியின் போல்ட்டைத் தடவிப் பார்த்த கை, ஒரு சிவப்புப் பட்டன் அகப்படாமல் தடுமாறியது. இரண்டு கையும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நெற்றியெல்லாம் வேர்வை. நான்தான் குனிந்து பட்டனை அமுக்கிவிட்டேன்.

"பயந்துட்டியாக்கா?"

"பின்ன?" என்றது. "வண்டியத்தான் குனிஞ்சி பாத்தேன். ஒன்ன எங்கடா பாத்தேன்?"